ஏழு வண்டியில் ஒரு பெயர்

1. முதல் நாள் பாடம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அண்ணாச்சி எனக்கு ஒரு பொய் சொல்லிக் கொடுத்தார். பொய் என்று தெரிந்தேதான் சிரித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

கடை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். சீட் கவர், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா என்று காருக்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடைக்கும். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வயரிங் வேலைக்கு இசக்கி. நான் பில் போட வந்தவள். கம்ப்யூட்டர் என் மேஜையில் இருந்ததால் மேப் வேலையும் என் தலையில் விழுந்தது. வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. சைக்கிள் தவிர எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. ஜங்ஷனைத் தாண்டினால் நானே வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து செட் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போனில் வழி பார்க்கும் பழக்கம் அப்போது இவ்வளவு பரவவில்லை. வசதி உள்ளவர்கள் டேஷ்போர்டில் நேவிகேஷன் செட் மாட்டுவார்கள். அதற்குள் ஒரு மெமரி கார்டு இருக்கும். ரோடு, ஊர், பெட்ரோல் பங்க் எல்லாம் அந்தக் கார்டுக்குள். புது மேப் வந்தால் கம்பெனி அதை ஒரு டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் அனுப்பும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, கார்டில் இருக்கும் பழையதை அழித்து, புதியதை ஏற்ற வேண்டும். ஏற்றுவது கார்டில்தான் என்றாலும் வருகிறவர்கள் எல்லோரும் "மேப் டிஸ்க் மாத்தணும்" என்றுதான் கேட்பார்கள்.

அன்று காலை கல்குவாரி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன வே செட்டு வித்திருக்கீரு? நான் நாலுவழிச் சாலையில போறேன், உம்ம ஸ்கிரீன்ல என் வண்டி குளத்துக்குள்ள போவுது" என்றார்.

விஷயம் வேறொன்றும் இல்லை. நான்குவழிச் சாலை புதிது, மேப் பழையது. புது மேப் டிஸ்க் பிரிக்காமல் டிராயரில் கிடந்தது, ஏற்றத் தெரிந்த ஆள் கடையில் இல்லை.

"சாட்டிலைட் கோளாறு அண்ணாச்சி" என்றார் எங்கள் அண்ணாச்சி. "மேல மேகம் கூடிக் கிடக்குல்லா. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்."

வந்தவர் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் மேகம் இருக்கத்தான் செய்தது. சரி என்று போய்விட்டார்.

"செல்வி, இதைப் பாடம் பண்ணிக்கோ" என்றார் அண்ணாச்சி. "எவன் என்ன கேட்டாலும் சாட்டிலைட் கோளாறு. மேல ஏறிப் போயி எவன் பாக்கப் போறான்?"

எனக்கு அவர் சாமர்த்தியம் பிடித்துப்போயிற்று. அந்த வாக்கியத்தை நானும் பல வருஷம் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறேன்.

2. கோமதி மேடம்

மேப் ஏற்றும் வேலையைக் கம்பெனி ஆளிடம் போனில் கேட்டுக் கேட்டுப் பழகினேன். பழகியதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

கார்டில் மேப் தவிர 'சேவ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். வண்டிக்காரர் தனக்கு வேண்டிய இடங்களைப் பெயர் போட்டுச் சேர்த்து வைத்தால் அது அந்த ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அப்டேட் செய்யுமுன் அதைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து வைத்து, பிறகு திருப்பிப் போடவேண்டும் என்பது முறை. யாரும் செய்வதில்லை. "அப்டேட் பண்ணினா பழசெல்லாம் போயிரும் சார்" என்று சொல்லி கார்டை ஃபார்மேட் செய்துவிடுவோம். நம் ஊர் ஆட்கள் அதைப் பெரிதாக நினைப்பதும் இல்லை. முப்பதாயிரத்துக்கு செட் மாட்டியவர்கூட டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டால்தான் அவருக்கு நிம்மதி.

கோமதி மேடம் அப்படி இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் பேராசிரியை, வீடும் அங்கேயே. புகுந்த வீடு அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஆற்றங்கரைத் தெரு. கணவர் இல்லை. வண்டியைத் தானே ஓட்டி வருவார், டிரைவர் கிடையாது. அப்டேட்டுக்கு வந்தவர் என்னைக் காருக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து ஸ்கிரீனைக் காட்டினார். மூன்று பெயர் இருந்தது. வீடு, காலேஜ், அதற்குக் கீழே ரகு.

"செல்வி, மேப் எப்படிப் போனாலும் சரி. இந்த ஒரு பாயிண்ட் மட்டும் போயிடக் கூடாது."

"வழி தெரியாத இடமா மேடம்?"

"வழியெல்லாம் நன்னாத் தெரியும். ரகு என் பையன். அந்தப் பேரை அமுக்கினாத்தான் வண்டியை எடுக்க மனசு வரும்." பிறகு அவராகவே சொன்னார். "ஆரம்பத்துல வழி தெரியாமத்தான் இந்த செட்டை வாங்கினேன். நம்ம ஊர்ல ஒருத்தர்கிட்ட வழி கேக்க முடியுமா சொல்லுங்கோ. இடதா வலதான்னு சொல்லமாட்டா. யார் வீட்டுக்கு, என்ன உறவு, என்ன விசேஷம்னு கேப்பா."

நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான் கேட்பேன். எங்கள் தெருவில் வழி கேட்டு வந்தவர்களின் குலம் கோத்திரம் தெரியாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

அன்று அந்த வேலையை நான் முறையாகச் செய்தேன். சேவ் ஃபோல்டரைப் பேக்கப் எடுத்தேன். கார்டை ஃபார்மேட் செய்து புது மேப் ஏற்றினேன். லைசன்ஸ், தமிழ்க் குரல், வேகம் கூடினால் கத்துகிற அலாரம் எல்லாம் சரிபார்த்தேன். கடைசியில் சேவ் ஃபோல்டரைத் திருப்பி உள்ளே போட்டேன். மேடம் ரகு என்ற பெயரை அமுக்கினார். "பயணம் தொடங்குகிறது" என்றது செட். மேடம் என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

3. மாஸ்டர் கார்டு

அடுத்தடுத்த நாள்களில் வண்டிகள் வரிசை கட்டின. பள்ளி லீவு நேரம், எல்லோருக்கும் வெளியூர் போக வேண்டும். ஒரு கார்டைச் சுத்தமாகச் செய்து முடிக்க அரை நாள் ஓடிவிடும்.

"ஏம்மா, ஒவ்வொரு தோசைக்கும் புதுசா மாவு ஆட்டுவியா? ஒண்ணை ஆட்டி வச்சுட்டு ஊத்திக்கிட்டே இரு" என்றார் அண்ணாச்சி.

எனக்கும் அது சரி என்று பட்டது. நன்றாக வேலை செய்கிற ஒரு கார்டை அப்படியே முழுசாகக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மாஸ்டர் என்று பெயர். அதையே மற்ற கார்டுகளில் அச்சுப் போல இறக்கிவிடலாம். வேலை சீக்கிரம் முடியும். கையில் இருந்ததிலேயே சுத்தமான காப்பி எது? கோமதி மேடத்தின் கார்டு. அதை முடித்த அன்று பத்திரத்துக்காக ஒரு முழுக் காப்பியும் எடுத்து வைத்திருந்தேன். அதுதான் மாஸ்டர் ஆயிற்று. ஏழு வண்டிக்கு அதை இறக்கினேன்.

அதற்குள் அவருடைய சேவ் ஃபோல்டர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் கையால் நானே போட்ட ஃபோல்டர். வேறு யாருடைய கார்டாக இருந்தாலும் அந்த ஃபோல்டரே இருந்திருக்காது, ஃபார்மேட்டில் போயிருக்கும். ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரே கார்டை எடுத்து ஊருக்கெல்லாம் இறக்கிவிட்டேன்.

எச்சரிக்கை வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஏழில் ஒன்று டிராவல்ஸ் வண்டி. கூடங்குளத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. அதன் டிரைவர் ஒரு நாள் கடைக்கு வந்து சிரித்தார்.

"எக்கா, சும்மா பாப்போம்னு வீட்டுக்குப் போன்னு அமுக்குனேன். அது என்னைப் பாளையங்கோட்டையில ஒரு வீட்டு வாசல்ல கொண்டுபோய் விடுது. நான் சுத்தமல்லிக்காரன். அங்கன எனக்கு யாரு இருக்கா?"

"யாரையும் வச்சிருக்கீரோ என்னமோ" என்றேன் நான். கடையே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "சாட்டிலைட் கோளாறு அண்ணே" என்றேன். அந்த வீடு யாருடையது, அது எப்படி அவர் வண்டிக்குள் வந்தது என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

4. பெரியவர்

மேடத்தின் கணவருக்கு ஒரு அண்ணன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்பாசமுத்திரத்துப் பக்கம் அந்த ஆற்றங்கரைத் தெருவிலேயே இருக்கிறார். மேடம் சொல்லித்தான் எங்கள் கடையில் செட் மாட்டினார். ஏழு வண்டியில் அவருடையதும் ஒன்று.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, என் வண்டியில என் தம்பி வீடு எப்படி வந்தது? வீடுன்னு அமுக்கினா பாளையங்கோட்டைக்கு வழி காட்டறது. காலேஜ்னு ஒண்ணு இருக்கு. ரகுன்னு ஒண்ணு இருக்கு, அது வள்ளியூர்ப் பக்கம் காட்டறது. ரகு கனடாவுல வேலையா இருக்கான்னு கோமதி சொல்லிண்டிருக்கா. வள்ளியூர்ல அவனுக்கு என்ன?"

நடந்தது என்ன என்று அந்த நொடியே புரிந்தது. அப்போதே, "சார், இது வேற ஒருத்தரோட லிஸ்ட். தப்பா ஏறிட்டு, அழிச்சிருதேன்" என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே அழித்திருக்கலாம். அரைகுறையாகத் தெரிந்த விஷயம் அதோடு நின்றிருக்கவும் கூடும். எனக்கு வந்ததோ பழகிய வாக்கியம்தான்.

"சாட்டிலைட் கோளாறு சார்."

அவர் நான் சொன்னதை மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சாட்டிலைட் மேலே இருந்து பாக்கறது. அது பாத்துச் சொல்றதுன்னா, அங்க ஏதோ இருக்கத்தானே செய்யும்" என்றார். எழுந்து போய்விட்டார்.

தப்பாக ஏறிய ஒரு பெயரை, வானத்தில் இருந்து வந்த தகவலாக மாற்றி அவர் கையில் கொடுத்து அனுப்பியது நான்தான்.

மறுநாளே அவர் அந்தப் பெயரை அமுக்கிக்கொண்டு வள்ளியூர் போனார். வண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்த இல்லத்தின் வாசலில் அவரை நிறுத்தியது. மனநலம் தேறி வருகிறவர்கள் தங்குகிற இடம் அது. ரகு அங்கே நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தானாம். பெரியவர் நல்ல மனுஷன். கேட்டுக்கு வெளியே நின்று சத்தம்போட்டு அழுதிருக்கிறார். ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறார். அடுத்த வாரம் ஒரு வேன் பிடித்து உறவுக்காரர்கள் பழமும் பூவுமாகப் பார்க்கப் போனார்கள்.

5. "பேரு எப்படிம்மா தெரியும்?"

இதெல்லாம் எனக்குக் கோமதி மேடம் கடைக்கு வந்த அன்றுதான் தெரியும். தன் வண்டியில் ரகு பெயர் இருந்ததைப் பெரியவரே அவரிடம் சொல்லியிருந்தார். கோபமாக வரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி நின்றுகொண்டு கேட்டார். "என் மச்சினர் வண்டிக்குள்ள ரகு பேரு எப்படி வந்தது?"

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அது சாட்டிலைட் கோளாறு மேடம்."

மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "சாட்டிலைட்டுக்கு என் பிள்ளை பேரு எப்படிம்மா தெரியும்?"

இசக்கி கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். நான் எழுந்து நின்று, மாஸ்டர் கார்டு எடுத்ததையும் ஏழு வண்டிக்கு இறக்கியதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. மேடம் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றே இசக்கி போய்ப் பெரியவர் வண்டியில் இருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தான். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

அடுத்து நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. மத்தியானம் சோறு சாப்பிடும்போது இசக்கியிடம் நான் பேசிய பேச்சு அது.

"பெரிய இடத்துப் பவிசு பாத்தியா. பிள்ளையைத் தோப்புக்குள்ள ஒளிச்சு வச்சிட்டுக் கனடாங்காங்க. எங்க சித்தப்பாவுக்கு மண்டைக்குக் கோளாறா இருந்துச்சு. தெருவுலதான் திரிஞ்சாரு. நாங்க என்ன ஒளிச்சா வச்சோம்? வெளிய தெரிஞ்சது நல்லதுதான், போ."

இசக்கி, "அப்படியும் சொல்லலாம்க்கா" என்று சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். சோறு எனக்கு நன்றாகவே இறங்கியது.

சில வாரம் கழித்து மேடம் மறுபடி வந்தார். முகம் பாதியாகியிருந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"செல்வி, நீங்க என்னோட வள்ளியூருக்கு வரணும். அவன் என்னைப் பாக்க வரமாட்டேங்கறான். நான் போனா ரூம் கதவைச் சாத்திக்கறான். யாரையும் கூட்டிண்டு வரமாட்டேன்னு சொன்னியேன்னு வார்டன்கிட்ட சொல்லி அனுப்பறான்."

எனக்குப் புரியவில்லை. மேடமே சொன்னார். "ஒளிச்சு வைக்கணும்னு நான் நினைக்கலைம்மா. அவன்தான் கேட்டான். நம்ம தெருக்காரா யாரும் என்னை இப்படிப் பாக்கக் கூடாது, தேறினதும் நானே தெருவுக்கு வரேன்னான். அந்த வாக்குலதான் அங்க சேரவே சம்மதிச்சான். கனடான்னு அவனேதான் சொல்லச் சொன்னான். இப்ப நான்தான் எல்லாரையும் அனுப்பினேன்னு நினைச்சிண்டிருக்கான். மெஷின்ல நடந்ததை நான் சொன்னா நம்பமாட்டான். நீங்க வந்து சொல்லணும்."

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அளந்த நியாயத்தை எல்லாம் நினைத்துக்கொண்டே, "வாரேன் மேடம்" என்றேன்.

6. ரகு கேட்ட கேள்வி

அண்ணாச்சிக்கு நான் போவதில் இஷ்டமில்லை. "தப்பு நம்மளோடதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேடம் வண்டியிலேயே போனேன். கிளம்பும்போது மேடம் ரகு பெயரை அமுக்கினார். நாங்குநேரியைத் தாண்டும்வரை செட் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தது.

மேடம் காரிலேயே இருந்துகொண்டார். வார்டன் என்னை ஒரு வராந்தாவில் உட்காரவைத்தார். ரகு வந்தான். முப்பது வயது இருக்கும். மெலிந்த ஆள், நகக்கண்ணில் செம்மண். கம்ப்யூட்டர் படித்தவன், ஒரு காலத்தில் பெங்களூரில் வேலை பார்த்தவன் என்று மேடம் வழியில் சொல்லியிருந்தார். நான் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாஸ்டர் எடுக்கும்போது சேவ் ஃபோல்டரை அழிக்காம விட்டுட்டீங்க. அப்படித்தானே?" என்றான், பாதியிலேயே.

"ஆமா."

"எங்க அம்மா யார்கிட்டயும் சொல்லலை."

"சொல்லலை. அந்தப் பாயிண்ட் போயிரக் கூடாதுன்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாங்க. எல்லாம் என்னால வந்ததுதான். உங்க பெரியப்பா வண்டியில அன்னைக்கே அழிச்சாச்சு."

தலையை ஆட்டினான். வாசல் பக்கம் மேடத்தின் வண்டி நிற்பதைப் பார்த்தான். இத்தோடு போய் அம்மாவைப் பார்த்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"மொத்தம் எத்தனை வண்டி?"

"ஏழு."

"பெரியப்பா வண்டியில அழிச்சாச்சுன்னு சொன்னீங்க. மீதி ஆறுல?"

ஆறு வண்டியையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"இன்னும் அங்கன என் பேரு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர் சத்தம் போட்டார், அவர் வண்டியில் அழித்தோம். மேடம் வந்து கூப்பிட்டார், மன்னிப்புக் கேட்க வந்தேன். சத்தம் போடாத ஆறு வண்டியில் அந்தப் பெயர் திருநெல்வேலி ரோடெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்த அன்றும் போய்க்கொண்டிருந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

"அழிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்றான். கோபமில்லை. "அப்புறம் அம்மாவைப் பாக்கேன்."

அவன் உள்ளே போய்விட்டான். காருக்கு வந்து மேடத்திடம் அதைச் சொன்னதுதான் எனக்கு அன்றைக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவர் ஒரு டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

7. ஆறு வண்டி

கடைக் கம்ப்யூட்டரில் இருந்த மாஸ்டரை முதலில் அழித்தேன். யார் யார் வண்டி என்று இசக்கிக்கு ஞாபகம் இருந்தது. அவன் டேஷ்போர்டை வைத்துத்தான் ஆளை நினைவு வைப்பான். இரண்டு பேரும் பைக்கில் போனோம். தென்காசி ரோட்டில் ஒரு டாக்டர், மேலப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், சேரன்மகாதேவியில் ஒரு வாத்தியார், அந்தக் கல்குவாரிக்காரர் என்று ஒவ்வொருவராகத் தேடினோம்.

எல்லோரிடமும் நான் ஒன்றேதான் சொன்னேன். "எங்க கடையில செஞ்ச தப்பு. வேற ஒருத்தங்களோட விஷயம் உங்க கார்டுல ஏறிட்டு. அழிக்கணும்." சாட்டிலைட் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கல்குவாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தப்பு நம்ம மேலன்னு சொல்லுத கடையை இப்பத்தான் பாக்கேன். அப்ப அந்தக் குளத்துக்குள்ள போனது?" என்றார். அதையும் சொன்னேன். டிஸ்க் டிராயரில் கிடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிராவல்ஸ் டிரைவர், "இந்த ரகு யாருக்கா?" என்று கேட்டார். அழிக்கிற பட்டனை அமுக்கிக்கொண்டே, "யாரோண்ணே" என்றேன்.

ஐந்து வண்டி முடிந்தது. ஆறாவது வண்டியின் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டிருந்தார். வாங்கிய புரோக்கரைத் தேடிப் பிடித்தால், பாலக்காட்டுப் பக்கம் யாருக்கோ தள்ளிவிட்டதாகச் சொன்னார். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"அஞ்சும் ஒண்ணும் ஆறு. எல்லாம் அழிச்சாச்சுன்னு சொல்லிட்டு வந்திரு" என்றார் அண்ணாச்சி. "அவன் என்ன பாலக்காட்டுக்குப் போயா பாக்கப் போறான்?"

8. வழி

இரண்டாவது தடவை மேடத்தைக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் தனியாகத்தான் போனேன். அண்ணாச்சி சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வள்ளியூரில் இறங்கி ஆட்டோக்காரர் ஒருவரிடம் இல்லத்துக்கு வழி கேட்டேன்.

"அங்கனயா? யாரு இருக்கா உங்களுக்கு?" என்றார்.

"யாரும் இல்லண்ணே. ஒரு வேலையா போறேன்."

"சொந்தக்காரங்களோ? எந்த ஊரு? பையனா பொண்ணா?"

ஆட்டோ ஓடத் தொடங்கியும் கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. நான் கேட்கிற மாதிரியேதான் கேட்டார், அதே அக்கறையோடு, அதே ஆசையோடு. ரகு பெயர் என் வாயில் இருந்து வந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. பாதி வழியிலேயே இறங்கிக் காசு கொடுத்துவிட்டு வெயிலில் நடந்தேன். ஒரு திருப்பத்தில் வழி தப்பிப்போய் வேறு தோப்புக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல் திரும்பி வந்தேன். கோமதி மேடம் எதற்காக அந்த செட்டை வாங்கினார் என்பது அந்த நடையில்தான் எனக்கு உடம்போடு புரிந்தது.

ரகு அதே வராந்தாவுக்கு வந்தான்.

"அஞ்சு அழிச்சாச்சு. ஒண்ணு கிடைக்கல. பாலக்காட்டுப் பக்கம் வித்துட்டாங்களாம். யாருகிட்டன்னு தெரியல."

அவன் எதிரே உட்கார்ந்தான். "எல்லாம் அழிச்சாச்சுன்னு சொல்லியிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியப் போவுது?"

"சொல்லலாம்னுதான் பஸ் ஏறினேன்."

"பின்ன?"

"ஏற்கனவே ஒரு பொய் சொன்னதுலதான் இவ்வளவும்..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "பாலக்காட்டுக்காரன் எவனாவது அந்தப் பேரை அமுக்கிட்டு இங்க வந்தா, வழி தப்பி வந்திருக்கீருன்னு சொல்லி டீ குடுத்து அனுப்பிருதேன். எனக்கு நம்ம தெருதான் பயம்" என்றான். லேசாகச் சிரித்தான்கூட. "அம்மாவை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. தனியா வரச் சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அந்தப் பிள்ளை எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினான். திட்டி அனுப்பியிருந்தால் பஸ்ஸில் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு கழிந்து மேடம் வண்டியோடு கடைக்கு வந்தார். ரகுவைப் பார்த்தேன், பேசினேன், கேரியர் காலியாக வந்தது என்று சொன்னார். பிறகு ஸ்கிரீனைக் காட்டினார். "அவன் பேரை எடுத்துடச் சொன்னான். எந்த மெஷின்லயும் இருக்க வேண்டாங்கறான். பாயிண்ட் இருக்கட்டும், பேரு வேண்டாம்."

"வேற என்ன பேரு போட மேடம்?"

"ஒண்ணும் போடாதீங்கோ."

பெயரை அழித்தேன். பெயர் இல்லாவிட்டால் செட் தானாக ஒரு எண் போட்டுக்கொள்ளும். ரகு இருந்த இடத்தில் மூன்று என்று வந்தது. மேடம் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்தார். "பயணம் தொடங்குகிறது" என்றது. "சரி" என்று சொல்லி வண்டியை எடுத்தார். அந்தப் பேரை அமுக்கினால்தான் மனசு வரும் என்று என்னிடம் சொன்னவர் அவர்.

இப்போது கார்டும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. செகண்ட்ஹேண்ட் வண்டி கடைக்கு வந்தால் பழைய சொந்தக்காரரின் வீடு, போன் நம்பர் எல்லாம் செட்டுக்குள் அப்படியே கிடக்கும். நம் பிள்ளைகள் அதைத் திறந்து படித்துச் சிரிப்பதைப் பார்க்கிறேன். கையை வைக்குமுன் முதலில் அதை அழியுங்கள் என்று நான் கத்துவது அதனால்தான். கேரளா நம்பர் வண்டி எங்காவது நின்றால் நான் கண்ணாடி வழியாக டேஷ்போர்டை எட்டிப் பார்ப்பதும் அதனால்தான். அந்தப் பழைய செட் இதுவரை கண்ணில் படவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மா கையில் பையோடு வந்து வழி கேட்டார். யார் வீட்டுக்கு என்று வாய்வரை வந்தது. வலது பக்கம் திரும்பி மூன்றாவது சந்து என்று மட்டும் சொன்னேன். அவர் எந்த வீட்டுக்குள் போகிறார் என்று பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.